ஒரே வருடத்தில் 10 விழுக்காடு காடு காணாமல் போகுமா? வேர்ல்ட்கவர் கணக்கில் குழப்பம்

காட்டுக்கோடு:

வணக்கம். நான் காட்டுயிர் படித்தவன், வரைபட வேலை தட்டுத்தடுமாறி நானே கற்றுக்கொண்டது, அதனால் கேள்வி அரைகுறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு, பல்லுயிர்க் கண்காணிப்பின் தொடக்கமாக ஒரு நிலப்போர்வை வரைபடம் (எங்கே காடு, எங்கே புல், எங்கே தண்ணீர் என்று காட்டுவது) செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். மேட்டில் புல்வெளி, சரிவில் இலையுதிர் காடு, கீழே புதர்க்காடு, நடுவே ஒரு ஆறு. எல்லைக்கோட்டை டபிள்யூடிபிஏ என்ற உலகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் தரவுத்தளத்திலிருந்து இறக்கினேன். நிலப்போர்வைக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் என்ற உலக வரைபடம். ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 10 மீட்டர் என்கிறார்கள், 2020க்கு ஒன்று, 2021க்கு ஒன்று என்று இரண்டு இருக்கிறது, இலவசம், இதைவிட என்ன வேண்டும் என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு இரண்டையும் எல்லைக்குள் வெட்டி பிக்சல்களை எண்ணினேன்.

2020இல் மரமாக இருந்தது 31,500 ஹெக்டேர். அதில் 3,150 ஹெக்டேர் 2021இல் வேறு வகையாகிவிட்டது, பெரும்பாலும் புதர், கொஞ்சம் புல். சரியாகப் பத்தில் ஒரு பங்கு. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். அந்த வருடம் பெரிய தீயும் இல்லை, வெட்டும் இல்லையாம்.

இன்னொரு குழப்பம். அந்த இடத்தின் அதிகாரபூர்வப் பரப்பு 42,000 ஹெக்டேர். நான் இறக்கிய எல்லை வடிவத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 45,250 வருகிறது. எல்லைக்குள் இருக்கும் பிக்சல்களை எல்லாம் எண்ணி, ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் என்று பெருக்கினால் 50,800 வருகிறது. ஒரே இடம், மூன்று பரப்பு. எங்கே தப்பு செய்கிறேன்? மூன்று வாரத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும்.

பிக்சல்காரன்:

பரப்பை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். உங்கள் இடம் 15 பாகை அட்சரேகை பக்கத்திலா? புராஜெக்டை வெப் மெர்கேட்டரில், அதாவது இணைய வரைபடங்கள் உருண்டை உலகைத் தட்டையாக்கும் 3857 என்ற முறையில் வைத்திருக்கிறீர்களா?

மெர்கேட்டர் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும். 60 பாகையில் பரப்பு ஏறக்குறைய 4 மடங்கு, 45இல் 2 மடங்கு, 15இல் 7, 8 விழுக்காடு கூடுதல். 42,000ஐ அந்த அளவுக்கு ஊதினால் உங்கள் 45,250 வந்துவிடுகிறது. பின்னணி இணைய வரைபடத்தை முதல் அடுக்காகச் சேர்த்தால் கியூஜிஐஎஸ் புராஜெக்ட் 3857ஐ எடுத்துக்கொள்ளலாம், பலரும் கவனிப்பதே இல்லை.

50,800 வேறு கதை. வேர்ல்ட்கவரின் பிக்சலை எல்லோரும் 10 மீட்டர் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அந்தக் கோப்பு பாகையில் இருக்கிறது. ஒரு பிக்சல் என்பது ஒரு பாகையில் 12,000இல் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் அது சுமார் 9.3 மீட்டர். நீங்கள் இருக்கும் இடத்தில் கிழக்கு மேற்காக இன்னும் ஒடுங்கி, பிக்சல் ஒன்று சுமார் 83 சதுர மீட்டர்தான். நீங்கள் 100 என்று பெருக்கியிருக்கிறீர்கள், ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்துவிட்டது. பரப்பை மாற்றாத சமப்பரப்பு புரொஜெக்‌ஷன் ஒன்றுக்கு மாற்றி எண்ணுங்கள், அல்லது ஒவ்வொரு பிக்சலின் உண்மைப் பரப்பைப் போட்டுக் கூட்டுங்கள். மாற்றும்போது மறுமாதிரி முறையில், அதாவது புதுக் கட்டங்களை நிரப்பும் முறையில், பக்கத்துப் பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரெஸ்ட் நெய்பர் மட்டும்தான். சுற்றியுள்ள எண்களைச் சராசரியாக்கும் பைலீனியர் போட்டால் 10க்கும் 30க்கும் நடுவில் 20 என்று ஒரு வகை புதிதாக முளைக்கும், மரத்துக்கும் புல்லுக்கும் சராசரி புதர் என்று அது பாட்டுக்குச் சொல்லும். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, வேர்ல்ட்கவரில் எண்கள் உண்மையிலேயே அப்படித்தான், 10 மரம், 20 புதர், 30 புல்.

ஆகவே உங்கள் 3,150 உண்மையில் 2,600 ஹெக்டேர். ஆனால் விழுக்காடு மாறாது, அந்த 10 அப்படியேதான் இருக்கும். அது பரப்புக் கணக்கின் தப்பு இல்லை.

மாதிரிப்புள்ளி:

அந்த 10க்கு நான் வருகிறேன். வேர்ல்ட்கவர் 2020ஐயும் 2021ஐயும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு அல்காரிதம் பதிப்பில் செய்தவை. இரண்டு வரைபடத்துக்கும் நடுவில் தெரியும் மாற்றத்தில் நிலத்தின் மாற்றமும் இருக்கிறது, முறையின் மாற்றமும் இருக்கிறது, பிரித்தெடுக்க முடியாது என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆவணத்தை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம், நானும் முதல் முறை படிக்கவில்லை.

உலக அளவில் அவற்றின் ஒட்டுமொத்தத் துல்லியம் 2020க்கு 74.4 விழுக்காடு, 2021க்கு 76.7. அதாவது நாலில் ஒன்று தப்பு. 11 வகைகளை உலகம் முழுக்கப் பிரிக்கும் வரைபடத்துக்கு இது மோசமில்லை. ஆனால் நாலில் ஒன்று தப்பான இரண்டு படங்களைக் கழித்து, பத்தில் ஒரு பங்கு மாற்றத்தைத் தேடுகிறீர்கள். கண்ணாடியைத் துடைக்காமல் முகத்தில் மருவைத் தேடுகிற மாதிரி.

அதிலும் புதரும் மரமும் ஒன்றோடு ஒன்று குழம்புவது எல்லா நிலப்போர்வை வரைபடங்களுக்கும் உள்ள வியாதி. வேர்ல்ட்கவரில் மரப்போர்வை 10 விழுக்காடு இருந்தாலே அந்த இடம் மரம் என்ற வகைக்குப் போகலாம். உங்கள் சரிவில் மரம் கொஞ்சம், புதர் கொஞ்சம், இடையில் புல் என்று இருக்கும் இடங்களில் 9க்கும் 11க்கும் நடுவில் ஒரு பிக்சல் ஊசலாடும். ஒரு வருடம் மழை கொஞ்சம் முன்னே பின்னே பெய்தால் போதும். இலையுதிர் காடு வேறு. இலை கொட்டிய மாதப் படங்கள் ஒரு வருடத்தில் அதிகமாகச் சேர்ந்திருந்தால் காடே புதராகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. வரைபடத்தைப் பரப்புச் சொல்ல விடாதீர்கள், புள்ளிகளைச் சொல்ல விடுங்கள். இரண்டு படங்களையும் வைத்து இடத்தை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: இழப்பு என்று படம் சொன்னது, மரம் அப்படியே இருக்கிறது என்று சொன்னது, முதலிலிருந்தே மரமில்லாதது. ஒவ்வொரு அடுக்கிலும் குலுக்கல் முறையில் புள்ளி எடுங்கள், இழப்பில் 100, மரத்தில் 150, மீதியில் 100. ஒவ்வொரு புள்ளியையும் அதிநுண் படங்களிலும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் மாதவாரித் தொடரிலும் கண்ணால் பார்த்து, உண்மையில் மரம் போனதா இல்லையா என்று எழுதுங்கள். வரைபடம் என்ன சொன்னது என்பதை அப்போது மறைத்து வைத்துவிடுங்கள், தெரிந்தால் கண் ஏமாற்றும். அப்புறம் அடுக்கின் பரப்பால் எடையிட்டுக் கூட்டினால் மதிப்பும் வரும், பிழை எல்லையும் வரும். பிழை எல்லை இல்லாத பரப்பை அறிக்கையில் எழுதாதீர்கள், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

காட்டுக்கோடு:

பிக்சல்காரன், 15தான், 3857தான். வெட்கமாக இருக்கிறது. இரவு மாற்றிப் பார்த்தேன், மூன்றும் 42,000க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

மாதிரிப்புள்ளி, 350 புள்ளி பார்க்க எத்தனை நாள் ஆகும்? வேர்ல்ட்கவரை விட்டுவிட்டு டைனமிக் வேர்ல்டு என்ற கூகுளின் நிலப்போர்வைத் தரவுக்குப் போனால் இந்தத் தலைவலி இல்லையா? அது தொடர்ந்து வருகிறதாமே. இல்லையென்றால் கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் சென்டினல்-2ஐ எடுத்து ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி வகைப்படுத்தும் முறையை வைத்து நானே 2019 முதல் 2023 வரை வகைப்படுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மாதிரிப்புள்ளி:

பழகிவிட்டால் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று நிமிடம். இரண்டு நாள் வேலை, மூன்றாவது நாள் கண் எரியும். முடிந்தால் இன்னொருவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லி, எங்கே இருவரும் மாறுபடுகிறீர்கள் என்று பாருங்கள்.

எந்த வரைபடத்துக்குப் போனாலும் புள்ளி வேலை போகாது. டைனமிக் வேர்ல்டில் ஒரு வசதி உண்டு. மேகம் 35 விழுக்காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சென்டினல்-2 காட்சிக்கும் 9 வகைகளின் நிகழ்தகவு கிடைக்கிறது, 2015 நடுவிலிருந்து. ஒரு இடம் மரம் 0.48, புதர் 0.45 என்று தள்ளாடுகிறதா, மரம் 0.9 என்று நிலையாக நிற்கிறதா என்று தெரியும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தாலே உங்கள் 2,600 ஹெக்டேரில் பாதிக்கு மேல் கரைந்துவிடும் என்று பந்தயம் கட்டுவேன்.

பிக்சல்காரன்:

நீங்களே வகைப்படுத்தினால் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. 2022 ஜனவரி 25இலிருந்து சென்டினல்-2 செயலாக்கத்தில் பிக்சலின் வெளிச்ச எண்களோடு 1,000 கூட்டி வைக்கத் தொடங்கினார்கள். கருநிழலில் எதிர்மறை மதிப்பு வெட்டுப்படக் கூடாது என்பதற்காக, நல்ல காரணம்தான். ஆனால் அதைக் கழிக்காமல் 2021ஐயும் 2022ஐயும் அடுத்தடுத்து வைத்தால் உலகமே ஒரே நாளில் வெளுத்துப்போன மாதிரி இருக்கும், பசுமையை அளக்கும் என்டிவிஐ எண் சரிந்து விழும். எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்று பெயரில் உள்ள தொகுப்பை எடுத்தால் கழித்தே வரும். வேறு இடத்திலிருந்து இறக்கினால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குழுவோடு வேலை செய்தபோது இதே தவறில் ஒரு மாதம் போனது எங்களுக்கு. 2022இல் காடு மொத்தமாக நலிந்துவிட்டது என்று படமெல்லாம் போட்டு முடித்துவிட்டோம்.

2015க்கு முன்னால் போக வேண்டும் என்றால் அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள்தான், 30 மீட்டர், 2008இலிருந்து முழுக் காப்பகமும் இலவசம். 2003 மே மாதத்துக்குப் பிறகான லேண்ட்சாட் 7 படங்களில் கோடு கோடாகத் தரவு இருக்காது, ஸ்கேன் கோடுகளைச் சரிசெய்யும் பாகம் பழுதானது. யாராவது பிளேடால் கீறிய மாதிரி இருக்கே என்று கேட்டால் பதில் தெரிந்திருக்கட்டும்.

புல்வெளிக்காரி:

நீங்கள் மூவரும் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வியின் முதல் வரியில் பல்லுயிர்க் கண்காணிப்பு என்று இருக்கிறது. எந்த உயிருக்காக? அது இன்னும் வரவில்லை.

நிலப்போர்வை என்பது வானிலிருந்து பார்த்தால் மேலே என்ன தெரிகிறது என்பது. வாழிடம் என்பது அதில் ஒரு உயிர் வாழ முடியுமா என்பது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனால் நன்றாக ஏமாறலாம். ஒரே இனத்தை வரிசையாக நட்ட மரத்தோட்டமும் 200 வருடக் காடும் வேர்ல்ட்கவருக்கு ஒரே பச்சைதான். அயல்தாவரப் புதர் காட்டின் அடித்தளம் முழுக்கப் பரவி, ஒரு நாற்று முளைக்க இடமில்லாமல் செய்துவிட்டாலும், மேலே விதானம் மூடியிருக்கிறவரை சாட்டிலைட்டுக்கு எல்லாம் நலம். 3 மீட்டர் அகல ஓடையும், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தேங்கும் குட்டையும் 10 மீட்டர் பிக்சலில் இருக்கவே இருக்காது. தவளைக்கு அந்தக் குட்டைதான் உலகம்.

என் வயிறு எரிவது புல்வெளிக்காக. உங்கள் மேட்டுப் புல்வெளியில் மரம் ஏறினால், வரைபடத்தில் மரப்போர்வை கூடியது என்று பச்சை அம்பு போட்டு, அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதுவார்கள். புல்வெளிப் பறவைக்கு அது வாழிடம் போனது. நான் போன ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், அப்படி எழுதிய அறிக்கையை ஒரு கூட்டத்தில் கைதட்டி வரவேற்றார்கள். பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் மூன்று அடுக்கோடு நாலாவதாக ஒன்றைச் சேருங்கள்: புல்லாக இருந்து மரமாகவோ புதராகவோ ஆனது. இழப்பு என்பது அங்கேயும் இருக்கிறது.

அப்புறம், மரம் என்றால் என்ன என்பதே ஒவ்வொரு தரவுக்கும் வேறு. 2000இலிருந்து வருடாவருடம் வரும் உலகக் காட்டு மாற்றத் தரவில் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எந்தத் தாவரமும் மரம், அதில் தோட்டத்தை வெட்டினாலும் இழப்புதான். ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் காடு வரையறையில் அரை ஹெக்டேர், 5 மீட்டர் உயரம், 10 விழுக்காடு விதானம், மேலும் அந்த நிலத்தின் பயன்பாடு. வெட்டிய இடம் மறுபடி வளரப்போகிறது என்றால் அது காடாகவே எண்ணப்படும். மூன்று தரவும் மூன்று விடை சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை, கேள்வி மூன்று.

காட்டுக்கோடு:

அக்கா, நியாயம். எனக்குக் கொடுத்த தாளில் பல்லுயிர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நான் ஜிபிஐஎஃப் என்ற உலக உயிரினத் தரவுத்தளத்தில் இருந்து அந்தப் பகுதியின் உயிரினப் பதிவுகளை எடுத்து நிலப்போர்வையோடு ஒட்டிப் பார்க்கலாம் என்று இருந்தேன். எந்த வகையில் எத்தனை இனம் என்று ஒரு அட்டவணை.

புல்வெளிக்காரி:

ஒட்டுங்கள், ஆனால் ஒவ்வொரு பதிவிலும் இடத் துல்லியம் என்ற புலத்தைப் பார்த்துவிட்டு. பொதுமக்கள் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலிருந்து வரும் பதிவுகளில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை வேண்டுமென்றே மறைப்பார்கள், 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி. நீங்கள் இருக்கும் இடத்தில் கட்டத்தின் ஒரு பக்கமே 20 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் புள்ளியை 10 மீட்டர் பிக்சலில் போட்டு, இந்த ஆந்தை ஆற்றின் நடுவே வாழ்கிறது என்று சொன்னால் ஆந்தையே சிரிக்கும். எதற்கு முக்கியமாக வரைபடம் வேண்டுமோ அந்த இனங்களுக்குத்தான் இந்த மறைப்பு இருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

மீதிப் பதிவுகளில் முக்கால்வாசி சாலையோரத்திலும் நடைபாதையிலும்தான் இருக்கும். எங்கே உயிர் இருக்கிறது என்பதைவிட எங்கே மனிதன் கேமராவோடு நின்றான் என்பதைத்தான் அவை சொல்லும். இனங்களின் எண்ணிக்கை அட்டவணை வேண்டாம். இரண்டு மூன்று இனத்தைத் தேர்ந்தெடுங்கள், புல்வெளியை நம்பியிருக்கும் ஒன்று, மூடிய காட்டை நம்பியிருக்கும் ஒன்று, ஆற்றோரத்துக்கு ஒன்று. அவற்றுக்கு நிலத்தில் என்ன மாறினால் பாதிப்பு என்று எழுதிக்கொண்டு, அதைப் படத்தில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாததைக் கால்நடையாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பழைய அளவர்:

இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவேன். யாரும் எல்லைக்கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் இறக்கிய கோடு எங்கிருந்து வந்தது? டபிள்யூடிபிஏவில் கோட்டைக் கொடுப்பது பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசுதான், ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் கண்காணிப்பு மையம் சேர்த்து வைத்து மாதாமாதம் புதுப்பிக்கிறது. அரசு எந்த அளவுத்திட்டத்தில் வரைந்தது? 1:2,50,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமன் பேனாக்கோடு தரையில் 125 மீட்டர். 1:50,000 என்றால் 25 மீட்டர். அந்த 125 மீட்டர் தடிமனுக்குள் உங்கள் பிக்சல் ஒரு டஜன் அடங்கிவிடும். நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ எல்லைகளைப் பழைய தாளிலிருந்து டிஜிட்டைஸ் செய்திருக்கிறோம், தாள் ஈரத்தில் சுருங்கியிருந்தது என்பதைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை.

அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்டது என்று சொல்லும் அரசு அறிவிக்கையில் எல்லை கோடாக இருக்காது, சொல்லாக இருக்கும். ஆற்றின் இடக்கரை வழியாக, அங்கிருந்து மலைமுகட்டின் வழியாக, இன்ன கல் வரை என்று. ஆறு நகர்ந்தால் எல்லையும் நகருமா, அறிவித்த நாளின் கரையா? சட்டத்தில் விடை இருக்கும், ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பில் இருக்காது. அந்தக் கோட்டைத் தூக்கி இன்றைய படத்தின் மேல் போட்டு, ஆற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அந்தத் தரவுத்தளத்தில் இன்னும் சில சங்கதிகள். சில இடங்களுக்கு எல்லையே இருக்காது, ஒரு புள்ளியும் பரப்பும் மட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பட்டங்கள் இருக்கும், தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியம், ராம்சார் ஈரநிலம் என்று, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே நிலத்தை மூன்று முறை எண்ணுவீர்கள். நிலைமைப் புலத்தில் முன்மொழியப்பட்டது என்று இருப்பவை இன்னும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை அல்ல. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் 2030க்குள் 30 விழுக்காடு நிலத்தையும் கடலையும் பாதுகாப்பது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகு, கணக்குக் காட்டும் அவசரத்தில் இதையெல்லாம் பிரிக்காமல் கூட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இன்னொன்று, அந்தக் கோப்பை அப்படியே உங்கள் அறிக்கையோடு இணைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களுடைய நிபந்தனை அப்படி.

காட்டுக்கோடு:

ஐயா, ரொம்ப நன்றி. போட்டுப் பார்த்தேன். தெற்கில் கோடு ஆற்றிலிருந்து சில இடங்களில் 150 மீட்டர் வரை விலகி ஓடுகிறது. இதை நான் எத்தனையோ முறை திரையில் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், புள்ளிகளை முடித்துவிட்டேன். இழப்பு என்று படம் சொன்ன 2,600 ஹெக்டேரில் 100 புள்ளி பார்த்தால் 9தான் உண்மை. மீதி எல்லாம் மாதிரிப்புள்ளி சொன்ன ஊசலாட்டம், இலையுதிர்வு, காட்டு ஓரத்துக் கலப்புப் பிக்சல். அப்படியென்றால் 234 ஹெக்டேர். ஆனால் மாறாத மரம் என்று சொன்ன 23,400 ஹெக்டேரில் 150 புள்ளிக்கு 1 உண்மையில் போயிருந்தது. அந்த ஒன்று மட்டும் 156 ஹெக்டேரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மரமில்லாத அடுக்கில் ஒன்றுமில்லை. மொத்தம் 390, பிழை எல்லை கூட்டல் கழித்தல் 340. இதை எப்படி அறிக்கையில் எழுதுவது, 50 ஆகவும் இருக்கலாம் 730 ஆகவும் இருக்கலாம் என்றா?

மாதிரிப்புள்ளி:

அப்படித்தான் எழுத வேண்டும், ஆனால் கொஞ்சம் குறுக்கலாம். தவறவிட்ட இழப்புகள் பெரும்பாலும் கண்டுபிடித்த இழப்பின் ஓரத்திலேயே இருக்கும். அந்த ஒரு புள்ளி எங்கே இருந்தது என்று பாருங்கள். படம் இழப்பு என்று சொன்ன இடங்களைச் சுற்றி மூன்று பிக்சல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, அதைத் தனி அடுக்காக்கி, அதில் 100 புள்ளி எடுங்கள். எஞ்சிய காட்டில் தனியாகக் குலுக்கிப் புதிதாக 150.

காட்டுக்கோடு:

வளையம் 3,400 ஹெக்டேர் வந்தது, அதில் 100க்கு 3. அதாவது 102 ஹெக்டேர். எஞ்சிய 20,000இல் 150 புள்ளியில் ஒன்றுமில்லை. மொத்தம் 336, கூட்டல் கழித்தல் 186. சொன்ன மாதிரி அந்தப் பழைய ஒற்றைப் புள்ளியும் வளையத்துக்குள்தான் விழுந்தது.

மாதிரிப்புள்ளி:

நன்று. ஒரு எச்சரிக்கை. 150இல் 0 என்றால் அங்கே இழப்பே இல்லை என்று பொருள் இல்லை. 3ஐ 150ஆல் வகுங்கள், 2 விழுக்காடு வரை ஒளிந்திருக்க இடமுண்டு, 20,000இல் அது 400 ஹெக்டேர். சூத்திரம் அந்த அடுக்குக்குப் பிழை 0 என்று சொல்லும், நம்பாதீர்கள். நேரமிருந்தால் அங்கே இன்னும் 300 புள்ளி. இல்லையென்றால் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

புல்வெளிக்காரி:

புல்வெளி அடுக்கு?

காட்டுக்கோடு:

அதுவும் பார்த்தேன் அக்கா. புல்லாக இருந்து மரமோ புதரோ ஆனதாகப் படம் சொன்னதில் 60 புள்ளி. ஒரே வருடத்தில் உண்மையாக மாறியது என்று ஒன்றையும் சொல்ல முடியவில்லை. ஆனால் பழைய லேண்ட்சாட் படங்களை வைத்துப் பின்னோக்கிப் போனபோது, அதே 60இல் 22 இடங்களில் இருபது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மரம் ஏறிக்கொண்டிருப்பது தெரிகிறது. நான் தேடிய மாற்றம் இல்லை, தேடாதது இருக்கிறது. அறிக்கையில் இதற்குத்தான் அதிகப் பக்கம் போகும் போலிருக்கிறது.

புல்வெளிக்காரி:

ஒரு வருட இடைவெளியில் அது தெரியாது, அதுவே அதன் சாமர்த்தியம். அந்த 22 இடத்துக்கும் ஆள் அனுப்பி என்ன இனம் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நட்டதா, தானாக வந்ததா, அயல் இனமா என்பது படத்தில் தெரியாது.

காட்டுக்கோடு:

சரி. கடைசியாக ஒன்று. இழப்பு உண்மை என்று உறுதியான 12 புள்ளிகளில், முதல் அடுக்கின் 9ம் வளையத்தின் 3ம் சேர்த்து, 7 தெற்கு எல்லையை ஒட்டி ஒரே வரிசையாக இருக்கின்றன. படத்தில் பார்த்தால் ஒரு பாதை அகலப்படுத்தியது போல இருக்கிறது. ஆனால் அந்த 7ம் எல்லைக்கோட்டிலிருந்து 100, 120 மீட்டர் உள்ளேதான். ஐயா சொன்ன 125 மீட்டர் கோட்டுத் தடிமனை வைத்துப் பார்த்தால், அவை உள்ளே இருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியுமா?

பழைய அளவர்:

முடியாது. வெளியே இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. இப்போதைக்கு எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் என்று மட்டும் எழுதுங்கள், உள்ளே வெளியே என்ற சொல்லே வேண்டாம். அது வழக்குக்குப் போகிற சொல்.

அறிவிக்கையின் எல்லை விவரத்தை வாங்கி, தெற்குப் பக்கத்தில் எத்தனை எல்லைக்கல் சொல்லியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கல்லையும் தேடுங்கள், கிடைத்ததில் ஜிபிஎஸ்ஸைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு எழுதுங்கள், கல்லின் எண் தெரியும்படி ஒரு படம். இல்லாத கல்லையும் இல்லை என்று எழுதுங்கள். பாதை அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கல்தான்.

காட்டுக்கோடு:

வியாழக்கிழமை போகிறோம் ஐயா. விவரத்தில் தெற்கில் 14 கல். எத்தனை இருக்கிறது என்று வந்து எழுதுகிறேன்.